மஞ்சள் தடவிய நோட்டீசும் மங்கம்மாவின் நம்பரும்

மங்கம்மாவை எங்கள் ஆபீசில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும்தான், அதில் நான் யாருக்கும் இளைத்தவன் இல்லை. ஒன்பது வருடம் மெடிக்கல் ரெப்பாக அந்த மருந்துக் கம்பெனிக்குப் பை சுமந்தவன் நான். பேரில்தான் இளவரசு. பிழைப்பு என்னவோ டாக்டர் வீட்டு வாசலில், நோயாளிகளின் செருப்புகளுக்கு நடுவே நிற்பது. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும். எதைச் சரிபார்க்காவிட்டாலும் அதை மட்டும் நன்றாகச் சரிபார்த்து அனுப்புவார்கள்.

ஆபீஸ் கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அங்கே கழிப்பறைக் கதவை ஒட்டிப் போட்டிருந்த மேசைதான் மங்கம்மாவின் இடம். இடம் போதாமல் அங்கே போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் போட்டார்கள். கிள்ளையில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர், சிதம்பரத்தில் பி.ஃபார்ம் படித்தவர், வயது நாற்பத்தாறு. தினமும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து அந்த வாடைக்குப் பக்கத்தில் உட்காருவார்.

அவர் வேலை, மருந்தைப் பற்றிக் கம்பெனி வெளியே விடும் ஒவ்வொரு காகிதத்தையும் முன்கூட்டியே படித்துப் பார்ப்பது. டாக்டரிடம் நாங்கள் விரித்துக் காட்டும் படப் புத்தகம், மருந்துக்கடைக்குக் கொடுக்கும் நோட்டீஸ், சுவரில் மாட்டும் காலண்டர் வரைக்கும் எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பக்கூடாது. அவர் சரி என்று கையெழுத்துப் போட்டு ஒரு நம்பர் கொடுத்தால்தான் அது வெளியே போகலாம். அந்த நம்பரைக் காகிதத்தின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் அச்சடிப்பார்கள். ‘எம்.எம்.’ என்று அவர் பேரின் எழுத்தில் தொடங்கும்.

கையில் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். ‘உலகத் தரம்’ என்று எழுதியிருந்தால் வட்டம் போட்டு, எந்த உலகம், அளந்தது யார் என்று ஓரத்தில் கேட்பார். ‘டாக்டர்கள் அதிகம் எழுதும் மருந்து’ என்றால் எத்தனை டாக்டர், பட்டியல் எங்கே என்பார். ஒரு வருடம் காலண்டரில் குழந்தை ஒன்று சிரப் பாட்டிலைக் கட்டிப்பிடித்துச் சிரிப்பது போலப் படம் போட்டோம். மருந்தை மிட்டாய் மாதிரி காட்டாதே என்று படத்தை மாற்ற வைத்தார். அது மாறி, எம்.எம். 87 என்று நம்பர் வாங்கி, என் கைக்கு வந்தபோது தை மாதம் முடிந்துவிட்டது. எந்த டாக்டர் சுவரிலும் ஆணி காலி இல்லை. எண்பது காலண்டரைத் திரும்ப வீட்டுக்குச் சுமந்தேன். அந்த நம்பர் மட்டும் செத்தாலும் எனக்கு மறக்காது.

இப்போது எங்கள் முதலாளி பஞ்சநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரிசி மில் வைத்திருந்த குடும்பம். மில்லை விற்றுவிட்டு மருந்துக்கு வந்தவர். நெல் மூட்டை லாரி ஏறும்போது என்னென்ன செய்தாரோ அத்தனையும் மாத்திரைக்கும் செய்வார். புது மருந்து ஒன்று கடைக்கு வருகிறதென்றால் ஜோசியர் நாள் குறிக்க வேண்டும். நோட்டீசின் முதல் பிரதிக்குக் கல்யாணப் பத்திரிகை போல நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தன் அறையில் உள்ள சாமி அலமாரியில் வைத்துக் கற்பூரம் காட்டுவார். மஞ்சள் பட்ட அந்தப் பிரதியைக் கிழிக்கக்கூடாது, எறியக்கூடாது, சிவப்பு மை படக்கூடாது. பத்து வருட நோட்டீஸ்கள் அந்த அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் அடுக்கி இருந்தன. மூட்டு வலிக்கும் மூலத்துக்கும் தினமும் ஊதுபத்தி காட்டிய ஒரே முதலாளி எங்கள் முதலாளிதான்.

இந்தப் பழக்கத்தில் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்தவன் மார்க்கெட்டிங் மேனேஜர் செம்பியன். அவன் எம்.பி.ஏ. படித்தவன். படிப்பு வீண் போகவில்லை. முன்பெல்லாம் முதலில் மங்கம்மா பார்ப்பார், பிறகுதான் மஞ்சள். செம்பியன் வந்ததும் அதைத் தலைகீழாக்கினான். நல்ல நாள் தவறிவிடும் என்று முதலாளி காதில் ஓதி, முதலில் மஞ்சள் தடவிச் சாமிக்கு வைத்துவிடுவான். பிறகு மங்கம்மாவைக் கூப்பிடுவான். சாமிக்கு வைத்த காகிதத்தில் எப்படிச் சிவப்பு அடிப்பார். சின்னச் சின்னப் புளுகுகள் அப்படி இரண்டு மூன்று வெளியே போயின. மங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நாங்கள் ரெப்புகள் எல்லாரும் செம்பியனின் மூளையை மெச்சினோம். மெச்சாமல் என்ன, எங்கள் வேலை சுலபமானது.

அந்த நாட்களில் ஒருமுறை மாதக் கூட்டம் முடிந்து சிதம்பரம் பஸ்ஸில் மங்கம்மாவுக்குப் பக்கத்துச் சீட்டு கிடைத்தது. வேறு இடம் இருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டேன். வாய் சும்மா இருக்காமல் கேட்டேன், அந்தத் துக்கடா நம்பரை உலகத்தில் எவன் மேடம் பார்க்கிறான், அதற்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று. அவர் கோபப்படவில்லை.

“எங்கண்ணன் பாக்கும்” என்றார். “அதுக்குப் படிப்பு ஜாஸ்தி கெடையாது, எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். வலை இழுக்குற ஒடம்பு, தெனம் வலின்னு எவன் எதக் குடுத்தாலும் முழுங்கும். அதான் சொல்லி வெச்சிருக்கேன். எங்க கம்பெனி காயிதத்துல என் நம்பர் இருந்தா நம்பிச் சாப்டு, இல்லன்னா என்னக் கேளுன்னு.”

அண்ணன் பேர் கலியமூர்த்தி, கிள்ளையில் மனைவி மக்களோடு இருக்கிறார் என்றும் சொன்னார். ஒரு மீன்பிடிக்காரருக்காகவா இந்த அம்மா கம்பெனியையே நிறுத்தி வைக்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிதம்பரம் வரும்வரை தூங்குவது போல நடித்தேன். அந்த ஆளின் முதுகுவலிதான் என் பிழைப்பில் வந்து விழப் போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்.

ஆவணி மாதம் ‘சுகமூவ்’ வந்தது. மூட்டுவலி, இடுப்புவலி மாத்திரை. இந்த வகை மாத்திரைகளை நாள் கணக்கில் தின்றால் கிட்னி கெடும் என்பது ரெப் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குத் தெரியும். செம்பியனுக்கும் தெரியும். அதனால்தான் தமிழ் நோட்டீசில் கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டான்: ‘தினமும் சாப்பிட்டாலும் கிட்னிக்குப் பாதிப்பில்லை.’ ஆதாரம் கேட்டால் நாற்பத்திரண்டு பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி. அத்தனை பேரும் கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயசுப் பிள்ளைகள். மாத்திரை கொடுத்தது ஏழே நாள்.

அது ஒரு புதன்கிழமை. காலை பத்தரைக்குப் பூசை. முதலாளி அறையில் நாங்கள் பன்னிரண்டு ரெப்புகளும் வரிசையாக நின்றோம். முதல் பிரதிக்கு மஞ்சள் தடவிக் கற்பூரம் காட்டியாகிவிட்டது. சுண்டலும் கொடுத்தாகிவிட்டது. பிறகுதான் மங்கம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் நின்றபடியே படித்தார். ஆராய்ச்சியைக் கேட்டு வாங்கி அதையும் படித்தார். முடித்துவிட்டுச் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

முதலாளி பதறிப்போய்க் கையை நீட்டினார். “அம்மா, அம்மா. மஞ்சள் வெச்ச காயிதம் அது. அதுல செவப்புப் போட்டீங்கன்னா இந்த மருந்து வெளங்குமா?”

செம்பியன் எங்களைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தான். இரண்டு பேர் சிரித்தோம். மங்கம்மா பேனாவை மூடினார். அவ்வளவுதான், அம்மா மறுபடி விழுந்தார் என்று நினைத்தேன்.

அவர் பூசைத் தட்டில் இருந்த மஞ்சள் கிண்ணத்தை இழுத்தார். மோதிர விரலைக் குழைத்த மஞ்சளில் தோய்த்தார். கிட்னி வரியின் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பட்டையாக ஒரு கோடு இழுத்தார். அதோடு விடவில்லை. முதலாளியின் சட்டைப் பையிலிருந்த நீலப் பேனாவைக் கேட்டு வாங்கி, ‘இந்த வரி இல்லாமல் அச்சிட்டால் மட்டும் ஒப்புதல். இருந்தால் ஒப்புதல் இல்லை’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டார்.

“செவப்பு போடல சார். மஞ்சதான் போட்டுருக்கேன். சாமிக்கே வெச்சுடுங்க” என்றார்.

முதலாளிக்கு அந்தக் காகிதத்தைக் கிழிக்கவும் வழியில்லை, குறை சொல்லவும் வழியில்லை. சுண்டல் வாயோடு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தானே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார். அவருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்.

மங்கம்மா போனதும் செம்பியன் எங்களை மட்டும் வெளியே கூட்டிப்போய்ச் சொன்னது, நோட்டீஸ் போன வாரமே அச்சாகிவிட்டது. பத்தாயிரம் பிரதி, அந்த வரியோடு. பூசைக்கு வைத்தது நம்பர் போடாத தனிப் பிரதி, பூசையும் ஒப்புதலும் எல்லாம் கண் துடைப்பு. அந்த அம்மாவிடம் நோட்டீசை நிறுத்திவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டுகள் ஆபீசுக்கே வரவில்லை. அச்சகத்திலிருந்து நேராக எங்கள் வீடுகளுக்கு வந்தன.

என் வீட்டில் கட்டைப் பிரித்ததும் என் கண் அடியில்தான் போனது. எறும்பு எழுத்தில் எம்.எம். 87 என்று இருந்தது. என் காலண்டர் நம்பர். ஒப்புதல் இல்லாத நோட்டீசுக்குப் பழைய காலண்டரின் ஒப்புதலை எடுத்து ஒட்டியிருந்தார்கள். செம்பியனுக்குப் போன் போட்டேன்.

“மச்சான், நம்பரப் பாத்து எவன்டா மாத்திர வாங்குறான்?” என்றான். “அடுத்த மாசம் ஏரியா மேனேஜர் லிஸ்ட்ல ஒன் பேரு இருக்கு. போய் வேலையப் பாரு.”

அவன் கேட்ட அதே கேள்வியைத்தான் பஸ்ஸில் நான் மங்கம்மாவிடம் கேட்டிருந்தேன். பதிலும் எனக்குத் தெரியும். ஒரு ஆள் பார்க்கிறார், கிள்ளையில் இருக்கிறார், அவர் பேர் என்ன என்பது உட்பட. இவ்வளவும் தெரிந்துகொண்டு, மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு கிள்ளைக்குப் போய், அங்குள்ள மருந்துக்கடையில் ஐம்பது நோட்டீசைக் கொடுத்துவிட்டு வந்தேன். கடைக்காரர் பார்வைக்கு மட்டும் என்றுதான் அதில் போட்டிருந்தது. கடைக்காரர் அதை வாங்கிக் கவுண்டரில், வருபவர் கையில் படுகிற மாதிரி வைத்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏரியா மேனேஜர் ஆனால் கார் கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினேன். செம்பியனை நாய் என்று திட்ட எனக்கு ஆசைதான். நான் அவனுக்கு ஒரு படி கீழே என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன்.

கார்த்திகையில் ஒருநாள் காலை சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் காத்திருந்தேன். எதிர் பெஞ்சில் லுங்கி கட்டிய ஒருவர், ஐம்பதுக்கு மேல் இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். செருப்பு நுழையாத அளவுக்குக் கால் வீங்கி இருந்தது. கண் இமை ஊதி இருந்தது. பக்கத்தில் மங்கம்மா இருந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இவர்தான் அண்ணன், கிட்னிப் பரிசோதனை ரிசல்ட் வந்திருக்கிறது, சரியில்லை என்றார். எழுந்து போயிருக்கலாம். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

அவர்கள் உள்ளே போனதும் டாக்டரின் குரல் கதவுக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. வலி மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிட்டாயா என்று கத்தினார். மூன்று மாதமாகத் தினம் இரண்டு என்றார் கலியமூர்த்தி. இத்தனை வயதாகியும் அறிவில்லையா என்று டாக்டர் ஆரம்பித்தார். சிறிது நேரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். மங்கம்மாவின் முகம் வெளுத்திருந்தது. ஏன் என்னிடம் கேட்கவில்லை, என் நம்பர் இல்லாவிட்டால் கேள் என்று சொன்னேனே என்று பெஞ்சில் உட்காரவைத்துக் கேட்டார்.

கலியமூர்த்தி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். மடிப்பில் நைந்துபோயிருந்தது. பிரித்து, அடியில் விரல் வைத்துக் காட்டினார்.

“ஒன்ன ஏன் கேக்கணும்? நம்பரு இருக்கே. எம், எம். நீ சொன்னதுதான? அதப் பாத்துட்டுத்தான் சாப்ட்டேன்.”

மங்கம்மா அந்தக் காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். அவர் மஞ்சளில் அடித்த வரி, அடி படாமல் கொட்டை எழுத்தில் அப்படியே இருந்தது.

“அப்ப இது ஒன் நம்பரு இல்லியா?” என்று கேட்டார் அண்ணன்.

“என் நம்பருதாண்ணே. நான் போட்டது இல்ல.”

“அது எப்புடி?”

பதில் தெரிந்த ஆள் நான், எதிர் பெஞ்சில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தேன். பையில் இன்னும் நூற்றுச் சொச்சம் நோட்டீஸ் இருந்தது. மங்கம்மா என் பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எடுத்துக் கொடுத்தேன். பழைய காலண்டர் நம்பரை எடுத்து ஒட்டியதையும், கிள்ளைக் கடைக்குக் கொடுத்ததே நான்தான் என்பதையும் சொன்னேன். அவர் திட்டுவார், அறைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணக்காக ஒன்றுதான் கேட்டார், மஞ்சள் போட்ட பிரதி இன்னும் அலமாரியில் இருக்கிறதா என்று. அது இல்லாவிட்டால் தான் ஒப்புதல் கொடுத்ததாகத்தான் நாளைக்குச் சொல்வார்கள், அண்ணனும் காலத்துக்கும் அப்படித்தான் நினைக்கும் என்றார்.

மதியமே கடலூருக்குப் பஸ் ஏறினேன். முதலாளி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அலமாரியைத் திறந்தேன். முருகன் படத்துக்குப் பின்னால் மேலாக அதுதான் இருந்தது. கோடு காய்ந்து பொருக்கு விட்டிருந்தாலும் எழுத்து ஒன்றும் அழியவில்லை. கையெழுத்தும் தேதியும் இருந்தன. வேறு கம்பெனியாக இருந்தால் அன்றைக்கே கிழித்துக் குப்பையில் போட்டிருப்பான். எங்கள் முதலாளி மூன்று மாதமாக அதற்குத் தினமும் ஊதுபத்தி காட்டிப் பத்திரமாக வைத்திருந்தார். எடுப்பதற்கு முன் பழக்க தோஷத்தில் நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். திருடனுக்கும் பக்தி உண்டு எங்கள் கம்பெனியில்.

மங்கம்மா இரண்டையும் இணைத்து, மஞ்சள் பிரதியையும் அச்சான நோட்டீசையும், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குப் புகார் எழுதினார். அவர்கள் வந்தார்கள். நோட்டீஸ் கட்டுகளையும் மாத்திரைப் பெட்டிகளையும் எடுத்துப் போனார்கள். கேஸ் நடக்கிறது. முதலாளி, தனக்கு ஒன்றும் தெரியாது, தான் சாமி கும்பிட்டது மட்டும்தான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய்யும் இல்லை. செம்பியனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சென்னையில் இதைவிடப் பெரிய கம்பெனியில், இதைவிடப் பெரிய வேலையில் இருக்கிறான். அப்படிப்பட்ட மூளையை யார் விடுவார்கள். என்னை அந்த வாரமே வெளியே அனுப்பினார்கள். இப்போது தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்கிறேன். அந்த நோட்டீசில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்க யாரும் இல்லை.

மங்கம்மாவும் அங்கே இல்லை. தானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கடைக்கு வெளியே நின்றேன். உள்ளே போக முகம் இல்லை. கலியமூர்த்தி மாத்திரை வாங்க வந்திருந்தார். ஆள் பாதியாக இருந்தார். கெட்டது கெட்டதுதான், மீதி இருக்கும் கிட்னியைக் காப்பாற்றிக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கடலுக்குப் போவது நின்றுவிட்டது. மீன் ஏலத்தில் கூடை எண்ண நிற்கிறார்.

மங்கம்மா மாத்திரையை உறையில் போட்டு, அண்ணன் படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில் வேளையை எழுதத் தொடங்கினார். கலியமூர்த்தி கையை நீட்டி அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதாத மங்கா. வாயால சொல்லு.”

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு. ராத்திரி வேண்டாம். கலியமூர்த்தி அதைத் திருப்பிச் சொன்னார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு மாத்திரையை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உறையைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.